பாதியைப் பாதி என்று சொன்னவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திருச்சிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பில், லிங்கனுக்கு இணையாக, அவர் காலத்துக் காங்கிரஸ் உறுப்பினர் தாடியஸ் ஸ்டீவன்ஸ் என்பவரையும் மதிப்பதாக ஒரு வரி வந்தது. பாடப் புத்தகத்தில் இல்லாத பெயர். பிள்ளைகளுக்குச் சொல்லலாமே என்று இரண்டு வாரமாக அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்தபிறகு சொல்லவேண்டுமா என்றே தயக்கமாக இருக்கிறது.

1821இல் சாரிட்டி பட்லர் என்ற அடிமைப் பெண் விடுதலை கேட்டு வழக்குத் தொடுத்தபோது, ஸ்டீவன்ஸ் அவருடைய உரிமையாளருக்காக வாதாடி ஜெயித்திருக்கிறார். அந்தப் பெண் பிள்ளைகளோடு அடிமையாகவே திரும்பிப் போயிருக்கிறார். அப்புறம், அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆவது சட்டத்திருத்தம் கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமையை நேரடியாகத் தரவில்லை. அது போதாது என்று தெரிந்தும் ஸ்டீவன்ஸ் அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டிருக்கிறார். பழைய வரலாற்று நூல்களோ அவரைத் தென்மாநிலங்களைப் பழிவாங்கத் துடித்த கிழவர் என்றே வர்ணிக்கின்றன.

காசுக்கு வாதாடியவர், சமரசம் செய்துகொண்டவர், பழிவாங்கியவர். இவரை வகுப்பில் நின்று பெரிய மனிதர் என்று எப்படிச் சொல்வது? நீங்கள் எதை வைத்து மதிக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அன்புடன்,
கு.

அன்புள்ள கு. அவர்களுக்கு,

முதலில் சாரிட்டி பட்லர் வழக்கைப் பேசிவிடுவோம். அதை ஓரமாக வைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் அது உங்களை ஏமாற்றுவதாகும்.

அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிப்பதற்கு பென்சில்வேனியா 1780லேயே ஒரு சட்டம் போட்டிருந்தது. வேறு மாநிலத்துக்காரர் தன் அடிமையை அங்கே கொண்டுவந்து ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த ஆள் விடுதலை பெற்றுவிடுவார். தெற்கே எல்லையைத் தாண்டினால் மேரிலாந்து, அங்கே அடிமைமுறை உண்டு. ஸ்டீவன்ஸ் வக்கீலாகத் தொழில் நடத்திய கெட்டிஸ்பர்க் அந்த எல்லைக்கு மிக அருகில் இருக்கும் ஊர். சாரிட்டி பட்லர் மேரிலாந்திலிருந்து பென்சில்வேனியாவுக்குப் பலமுறை அழைத்து வரப்பட்டவர். அந்த நாட்களையெல்லாம் கூட்டினால் கெடு தாண்டிவிடுகிறது, ஆகவே அவரும் பிள்ளைகளும் விடுதலை பெற்றவர்கள் என்பது அவர் தரப்பு. ஆறு மாதம் என்றால் விடாமல் ஆறு மாதம், விட்டுவிட்டு வந்துபோனதைக் கூட்டக் கூடாது என்பது உரிமையாளர் நார்மன் புரூஸ் சார்பாக ஸ்டீவன்ஸ் வைத்த வாதம். மாநில உச்ச நீதிமன்றம் ஸ்டீவன்ஸின் வாதத்தை ஏற்றது.

அப்போது அவருக்கு 29 வயது. கெட்டிக்கார இளம் வக்கீல், தொழிலில் காலூன்றப் பார்க்கிறார், வந்த வழக்கை எடுத்துக்கொண்டார். இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப் போவதில்லை. அந்தக் காலம் அப்படி என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் அதே காலத்தில், அதே மாநிலத்தில், அடிமைகளுக்காகக் கூலி வாங்காமல் வாதாடிய வக்கீல்கள் இருந்தார்கள். சாரிட்டி பட்லர் என்ற பெயரை நீங்கள் வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்டீவன்ஸ் பெயரைச் சொல்வதற்கு முன்பே சொன்னாலும் சரிதான்.

இரண்டு வருடம் கழித்து, 1823 ஜூலை 4, சுதந்திர தின விருந்து. ஆளுக்கொருவர் எழுந்து வாழ்த்துச் சொல்வது அங்கே வழக்கம். ஸ்டீவன்ஸ் எழுந்து அடுத்த ஜனாதிபதிக்கு வாழ்த்துச் சொன்னார்: அவர் எந்த மனிதனுக்கும் விலங்கு பூட்டாதவராக இருக்கட்டும். அதுவரை பதவியில் இருந்த ஐந்து ஜனாதிபதிகளில் நான்கு பேர் அடிமைகளை வைத்திருந்தவர்கள் என்பதை நினைத்துக்கொண்டு இந்த வாழ்த்தைப் படிக்கவேண்டும். அதற்குப் பிறகு, தப்பி ஓடிவந்த அடிமைகளின் வழக்கு என்றால் கெட்டிஸ்பர்க்கிலும் பிறகு லங்காஸ்டரிலும் ஸ்டீவன்ஸ் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். பெரும்பாலும் கூலி வாங்கவில்லை. ‘தொடர்ச்சியாக’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பத்தைச் சிறைப்படுத்தத் தெரிந்த மூளை அது. அதே மூளை 40 வருடம் எதிர்ப்பக்கம் நின்று வேலை செய்தது.

நான் அவரை மதிக்கும் இடத்துக்கு வரவேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1792 ஏப்ரல் 4 அன்று வெர்மாண்ட் மாநிலத்தின் டான்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்தது. கடைசிவரை நொண்டித்தான் நடந்தார். அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். நான்கு ஆண் பிள்ளைகள், ஏழ்மை. அம்மா சாரா தனியாக உழைத்து வளர்த்தார். வயலில் வேலை செய்ய இந்தப் பையனால் முடியாது, படிப்புதான் வழி என்று முடிவுசெய்து, பள்ளிக்கூடம் இருந்த பீச்சம் என்ற ஊருக்குக் குடும்பத்தையே மாற்றினார். பையன் டார்ட்மவுத் கல்லூரியில் 1814இல் பட்டம் வாங்கினான். தான் பெற்ற வெற்றி எல்லாவற்றையும் அம்மாவின் கணக்கிலேயே ஸ்டீவன்ஸ் கடைசிவரை எழுதிவந்தார். சம்பாதிக்க ஆரம்பித்ததும் அம்மாவுக்கு ஒரு பண்ணை வாங்கிக் கொடுத்தார்.

நீங்கள் ஆசிரியர் என்பதால் 1835ஆம் வருடத்துக் கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஸ்டீவன்ஸின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அந்த வருடம் ஏப்ரல் 11.

பென்சில்வேனியாவில் அதற்கு முந்தைய வருடம் இலவசப் பள்ளிச் சட்டம் நிறைவேறியிருந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவரியிலிருந்து பள்ளி. அதற்குமுன் இருந்த ஏற்பாடு வேறு. நாங்கள் ஏழைகள், கட்ட முடியாது என்று பெற்றோர் ஒப்புக்கொண்டு பட்டியலில் பெயர் கொடுத்தால் அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் அரசு கட்டணம் கட்டும். பெயர் கொடுக்கக் கூசியே பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. புதிய சட்டம் இந்தப் பட்டியலை ஒழித்தது. ஆனால் வரி கூடியது. ஊரானின் பிள்ளைக்கு நான் ஏன் காசு கட்டவேண்டும் என்று மாநிலம் முழுக்கக் கொந்தளிப்பு. மனுக்கள் குவிந்தன. அடுத்து வந்த தேர்தலில் சட்டத்தை ரத்து செய்வேன் என்று சொன்னவர்கள் நிறையப் பேர் ஜெயித்து வந்தார்கள். மாநில செனட் ரத்துக்கு ஓட்டும் போட்டுவிட்டது. கீழ்ச்சபையிலும் ரத்து நிச்சயம் என்ற நிலையில் ஸ்டீவன்ஸ் பேச எழுந்தார்.

பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பும் சட்டத்துக்குச் சரியான பெயர் ஒன்று இருக்கிறது என்றார். பணக்காரர்களிடமிருந்து பிரித்து அடையாளம் காண்பதற்காக ஏழைகளுக்குச் சூடுபோட்டு முத்திரை குத்தும் சட்டம். என் பிள்ளை படிக்காத பள்ளிக்கு நான் ஏன் வரி கட்டவேண்டும் என்று கேட்கிறவர், குற்றவாளியைப் பிடிக்கவும் தண்டிக்கவும் ஆகும் வரியை மட்டும் முணுமுணுக்காமல் கட்டுகிறார், ஒருவன் குற்றவாளி ஆகாமல் தடுக்கும் வரிக்குத்தான் கூச்சல் போடுகிறார் என்றார். இன்னொன்றும் செய்தார். அந்தச் சட்டத்துக்கு ஆதரவாக நின்ற ஆளுநர் ஜார்ஜ் வுல்ஃப் எதிர்க்கட்சிக்காரர். ஸ்டீவன்ஸ் அப்போது, மேசன்கள் என்ற ரகசியச் சங்கத்தை எதிர்த்துத் தொடங்கிய மேசன் எதிர்ப்புக் கட்சி. கட்சியைப் பார்க்காமல் அந்த ஆளுநரின் பக்கம் நின்றார். பேச்சு முடிந்து ஓட்டெடுத்தபோது சபை மாறிவிட்டது. சட்டம் பிழைத்தது.

சட்டமன்றப் பேச்சு ஓட்டை மாற்றாது என்று அரசியல் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மைதான். அன்றைக்கு மாற்றியது. நொண்டிக் காலோடு, பட்டியலில் பெயர் கொடுக்கவேண்டிய வீட்டில் பிறந்து வந்தவர் பேசினார் என்பதால் இருக்கலாம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அடுத்த மூன்று வருடத்தில் இன்னொரு காட்சி. 1837, 38இல் பென்சில்வேனியா தன் அரசியலமைப்பைத் திருத்தி எழுத ஒரு மாநாடு கூட்டியது. ஸ்டீவன்ஸும் உறுப்பினர். அதுவரை அந்த மாநிலத்தில் ஓட்டுரிமைக்கு ‘வெள்ளையர்’ என்ற நிபந்தனை எழுத்தில் இல்லை. புதிய வரைவில் அந்தச் சொல்லைச் சேர்த்தார்கள். ஸ்டீவன்ஸ் எதிர்த்துப் பேசினார், தோற்றார். கடைசியில் எல்லோரும் கையெழுத்துப் போடும் நாள் வந்தபோது அந்த ஆவணத்தில் என் பெயர் இருக்காது என்று சொல்லிவிட்டார். போடவேயில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலே இங்கேதான் தொடங்குகிறது என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சமரசம் பிடிக்காமல் எழுந்துபோகத் தெரிந்தவர்தான் அவர். 1838இல் எழுந்துபோனார். 1866இல் ஏன் போகவில்லை?

இடையில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1842இல் லங்காஸ்டருக்குக் குடிபெயர்ந்தார். 1849இல், அன்றைய பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சியின் உறுப்பினராக வாஷிங்டன் பிரதிநிதிகள் சபைக்குப் போனார். 1851 செப்டம்பரில் லங்காஸ்டர் மாவட்டத்தின் கிறிஸ்டியானாவில், தப்பி ஓடியவர்களைப் பிடிக்க வந்த மேரிலாந்து உரிமையாளர் ஒருவரை அங்கிருந்த கறுப்பின மக்கள் எதிர்த்து நின்றார்கள். அவர் கொல்லப்பட்டார். அரசாங்கம் 38 பேர்மீது தேசத்துரோகக் குற்றம் சாட்டியது. முதலில் விசாரிக்கப்பட்ட காஸ்ட்னர் ஹான்வேக்காக வாதாடிய வக்கீல்களில் ஸ்டீவன்ஸும் ஒருவர். ஜூரிகள் கால் மணிநேரத்தில் விடுதலை சொன்னார்கள். வழக்கில் ஜெயித்தார், கட்சியில் தோற்றார். 1852 தேர்தலுக்கு உள்ளூர் விக் கட்சி அவருக்குச் சீட்டுக் கொடுக்கவில்லை. 1858இல் குடியரசுக் கட்சி வேட்பாளராக மறுபடி ஜெயித்தபோது வயது 66. நம் கணக்கில் ஓய்வெடுத்துத் திண்ணையில் உட்காரும் வயது. அவருடைய பெரிய வேலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

1861இல் தென்மாநிலங்கள் பிரிந்துபோய் உள்நாட்டுப் போர் மூண்டது. போர்க்காலம் முழுவதும் சபையின் நிதிக் குழுத் தலைவர் அவர். வருமான வரி, காகித டாலர், கடன் என்று வடக்கின் போருக்கு வேண்டிய பணம் எல்லாம் அந்தக் குழு வழியாகத்தான் போனது. 1863 ஜூனில், கெட்டிஸ்பர்க் சண்டைக்குச் சில நாள் முன்பு, தெற்குப் படை அவருடைய கலிடோனியா இரும்பாலையைத் தேடிப்போய் எரித்தது. வாழ்நாள் முதலீடு போயிற்று. அடிமைமுறையின் தடம்கூட மிஞ்சாமல் நாடு மீளுமென்றால் இது மலிவான விலைதான் என்று கடிதத்தில் எழுதினார்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி.

1865 ஜனவரியில் 13ஆவது சட்டத்திருத்தம் சபைக்கு வந்தது. அடிமைமுறையை முழுதாக ஒழிக்கும் திருத்தம். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், எதிர்க்கட்சியிலிருந்து சிலர் வந்தால்தான் நடக்கும். தயங்கியவர்களுக்கு ஒரே பயம்தான்: இன்றைக்கு விடுதலை, நாளைக்கு எல்லாவற்றிலும் சமம் என்பார்களோ? எதிர்த்தரப்பு ஸ்டீவன்ஸின் வாயைக் கிளறியது. இவரிடமிருந்து அந்தச் சொல்லை வாங்கிவிட்டால் தயங்குகிறவர்கள் ஓடிவிடுவார்கள். ஸ்டீவன்ஸ், தான் சொல்வது சட்டத்தின்முன் சமம் என்பதை மட்டும்தான் என்றார். தன் வாழ்நாள் நம்பிக்கையில் பாதியை அன்றைக்கு விழுங்கிக்கொண்டார். ஜனவரி 31 அன்று 119க்கு 56 என்று திருத்தம் நிறைவேறியது. இன்னும் மூன்று பேர் மாறி ஓட்டுப் போட்டிருந்தால் தோற்றிருக்கும்.

14ஆவது திருத்தம் வந்த சூழல் இன்னும் சிக்கலானது. பழைய அரசியலமைப்பில், ஒரு மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர்கள் என்று கணக்கிடும்போது அடிமைகளை ஐந்துக்கு மூன்று என்று எண்ணினார்கள். இப்போது அடிமைகள் இல்லை, எல்லோரும் முழு ஆட்கள். அப்படியானால் தோற்றுப்போன தென்மாநிலங்களுக்குக் காங்கிரஸில் முன்பைவிட அதிக இடம் கிடைக்கும், ஆனால் அந்த எண்ணிக்கையைக் கூட்டித்தந்த கறுப்பின மக்களுக்கு ஓட்டு இருக்காது. முன்னாள் எஜமானர்கள் அவர்கள் தலையை எண்ணிக் காட்டி அதிகாரத்துக்குத் திரும்பலாம். தெற்கில் வேலை ஒப்பந்தம் இல்லாமல் நடமாடும் கறுப்பின மக்களைக் கைதுசெய்து, அபராதத்துக்கு ஈடாகத் தோட்ட முதலாளிகளிடம் வேலைக்கு விடும் சட்டங்கள் அப்போதே வந்துவிட்டன. 1866 மே மாதத் தொடக்கத்தில் மெம்ஃபிஸ் நகரில் வெள்ளைக் கும்பல் கறுப்பின மக்களைக் கொன்றது, வீடுகளையும் பள்ளிகளையும் தேவாலயங்களையும் எரித்தது. லிங்கனுக்குப் பிறகு ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜான்சன் தெற்கை இப்படியே சேர்த்துக்கொள்வோம் என்கிறார். இலையுதிர் காலத்தில் காங்கிரஸ் தேர்தல். வடக்கிலேயே பல மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு ஓட்டு இல்லை. ஓட்டுரிமையை நேரடியாக எழுதினால் திருத்தம் தோற்கும். ஸ்டீவன்ஸ் முன்னின்ற இரு சபைக் கூட்டுக் குழு தயாரித்து, செனட் திருத்திச் சேர்த்த வரைவு இப்படிப் போனது: இங்கே பிறந்தவர் அனைவரும் குடிமக்கள், சட்டத்தின் சமமான பாதுகாப்பை எந்த மாநிலமும் மறுக்கக் கூடாது, யாருக்காவது ஓட்டு மறுத்தால் அந்த அளவுக்கு உறுப்பினர் எண்ணிக்கையும் குறையும்.

நீங்கள் சொன்னதுபோல இது பாதிதான். ஆனால் அது பாதி என்று உங்களுக்கும் எனக்கும் முன்பே சொன்னவர் ஸ்டீவன்ஸ். 1866 ஜூன் 13 அன்று, இறுதி ஓட்டெடுப்புக்கு முன் அவர் பேசியதன் சாரம் இது: இளமையிலும் நடுவயதிலும் முதுமையிலும் நான் ஒரு கனவு கண்டேன். ஏதோ ஒரு நல்லூழால் நம் அமைப்பின் அடித்தளம் ஒருநாள் ஆட்டம் காணும், அன்றைக்கு இந்தக் குடியரசு மனித ஒடுக்குமுறையின் எல்லாத் தடயங்களையும் துடைத்துவிட்டுத் தன்னைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும் என்று. அந்தக் கனவு கலைந்துவிட்டது. பழைய கட்டடத்தின் மிக மோசமான பகுதிகளுக்கு ஒட்டுப்போடுவதோடு திருப்திப்பட வேண்டியதுதான் போலிருக்கிறது. மற்ற பகுதிகளில் புயலும் பனியும் புகுந்து அடிக்கத்தான் போகிறது.

அப்படியானால் இதை ஏன் ஏற்கிறாய் என்று கேட்பீர்களா? “நான் தேவதைகளுக்கு நடுவே அல்ல, மனிதர்களுக்கு நடுவே வாழ்கிறேன், அதனால்தான்.”

சமரசம் செய்த அரசியல்வாதிகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். கிடைத்ததைக் காட்டி இதுதான் நான் கேட்டது என்று மேடையில் சொல்வார்கள். பாதிக் கூரை போட்ட வீட்டுக்கு முழு வீடு என்று பெயர்வைத்துப் பால்காய்ச்சுவார்கள். ஸ்டீவன்ஸ் தான் முன்னின்று கொண்டுவந்த திருத்தம் வெற்றி பெறப்போகும் நாளில், எழுந்து நின்று, இதன் வழியாக மழை உள்ளே வரும் என்று சபைக் குறிப்பில் ஏறும்படி சொன்னார். சொல்லிவிட்டு அதற்கு ஓட்டும் போட்டார். 1838இல் வெளியேறியதற்கும் 1866இல் உள்ளே நின்றதற்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. முதலாவது இருந்த உரிமையை எடுத்த ஆவணம், அதில் அவர் பெயர் சேரக் கூடாது. இரண்டாவது இல்லாத உரிமையைக் கொஞ்சமாவது கொடுத்த ஆவணம், அவர் கைவிட்டால் அந்தக் கொஞ்சமும் போயிருக்கும். நான் அவரை மதிப்பது இந்த இடத்தில்தான். வாங்கிக்கொண்ட பாதியைப் பாதி என்றே சொன்னார், மீதியை அடுத்த நாளே மறுபடி கேட்க ஆரம்பித்தார். 1867இல் தென்மாநிலங்களில் புதிய அரசியலமைப்புகளை எழுதக் கறுப்பின ஆண்களும் ஓட்டுப் போடவேண்டும் என்று மறுசீரமைப்புச் சட்டம் வந்ததில் அவருடைய கை பெரிது. இன ரீதியாக ஓட்டை மறுக்கக் கூடாது என்ற 15ஆவது திருத்தம் 1870இல் நடைமுறைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

வகுப்பில் இதையும் சொல்லலாம். நம் அரசியலமைப்பின் 14ஆவது பிரிவில் வருகிற ‘சட்டங்களின் சமமான பாதுகாப்பு’ என்ற சொற்றொடர் அந்த 14ஆவது திருத்தத்திலிருந்து வந்தது. எண் ஒன்றாக அமைந்தது தற்செயல், சொல் தற்செயல் இல்லை.

மூன்றாவது, பழிவாங்கல்.

அவருடைய நாக்கு கூர்மையானது, எதிரிகளைப் பேச்சில் அவமானப்படுத்தத் தயங்காதவர். தென்மாநிலங்களைப் போரில் வென்ற நிலப்பகுதிகளாகவே நடத்தவேண்டும் என்றார். அதெல்லாம் உண்மை. ஆனால் அவர் கேட்டது என்ன என்று பாருங்கள். 1865 செப்டம்பர் 6 அன்று லங்காஸ்டரில் தன் தொகுதி மக்கள் முன்னால் ஒரு கணக்கை வைத்தார். கிளர்ச்சியில் நின்ற பெரும் நிலவுடைமையாளர்கள், அதாவது 200 ஏக்கருக்கு மேல் வைத்திருப்பவர்கள் அல்லது பெருஞ்சொத்துக்காரர்கள், சுமார் 70,000 பேர். அவர்கள் கையில் 39.4 கோடி ஏக்கர். அதை அரசு எடுத்துக்கொள்ளட்டும். விடுதலை பெற்ற வயதுவந்த ஆண்கள் 10 லட்சம் பேருக்கு ஆளுக்கு 40 ஏக்கர் கொடுத்தால் 4 கோடி ஏக்கர்தான் ஆகிறது. மீதியை விற்றுப் போர்க்கடனை அடைக்கலாம், காயம்பட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் தரலாம். தெற்கின் ஏழை வெள்ளையர் ஒருவரின் கைப்பிடி மண்ணைக்கூட இது தொடாது.

இதில் பழி எங்கே இருக்கிறது? தூக்குக் கயிறு கேட்கவில்லை, நிலம் கேட்டார். அந்த நிலத்தைக் காடு வெட்டித் திருத்தி, இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் உழுதவர்களுக்காகக் கேட்டார். நிலம் இல்லாதவனுக்குக் கொடுத்த ஓட்டு, நிலம் வைத்திருப்பவனின் சட்டைப்பைக்குள்தான் போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்கவேண்டியதில்லை.

1867 மார்ச்சில் இதை மசோதாவாகவும் கொண்டுவந்தார். அப்போது உடல் மிகவும் தளர்ந்துவிட்டது. அவருடைய கட்சிக்காரர்களே தயங்கினார்கள். சொத்துரிமையில் கைவைப்பது வடக்கின் ஆலை முதலாளிகளுக்கும் நெருடியது. மசோதா படுத்துவிட்டது. நிலம் பழைய கைகளிலேயே நின்றது. விடுதலை பெற்றவர்கள் அதே வயலில் வாரத்துக்கு உழுதார்கள். விதைக்கும் ஏருக்கும் சாப்பாட்டுக்கும் கடைக்காரரிடம் கடன், அறுவடையில் பாதி முதலாளிக்கு, மீதி கடனுக்கு, அடுத்த வருடத்துக்குப் புதிய கடன். அவருடைய தோல்விகளில் இதைத்தான் மிகப் பெரியது என்று நான் நினைக்கிறேன். 14ஆவது திருத்தம் எழுத்தில் வாழ்ந்தது, பல பத்தாண்டு கழித்து 1954இல் பள்ளிகளில் நிறவெறிப் பிரிவினையை உச்ச நீதிமன்றம் தடைசெய்தபோது உயிர்பெற்று எழுந்தது. நிலத்துக்கு அப்படி இரண்டாம் வாய்ப்பு வரவேயில்லை.

அவரைப் பழிவெறியராகக் காட்டும் சித்திரம் பின்னால் உருவானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்னிங் வழிவந்த வரலாற்றாசிரியர்கள், கறுப்பின மக்களுக்கு ஓட்டுக் கொடுத்ததே பெரும் தவறு என்ற இடத்திலிருந்து அந்தக் காலத்தை எழுதினார்கள். அங்கிருந்து பார்த்தால் ஸ்டீவன்ஸ் வில்லனாகத்தான் தெரிவார். கறுப்பின வரலாற்றறிஞர் டுபாய்ஸ் போன்றவர்கள் எதிர்த்து எழுதி, 1960களுக்குப் பிறகுதான் அந்தப் பார்வை பெருமளவு மாறியது. நீங்கள் படித்த பழைய நூல்கள் எந்த வருடத்தவை என்று ஒருமுறை பாருங்கள்.

ஜான்சனைப் பதவிநீக்கும் முயற்சியில் நான் அவரோடு முழுதாக உடன்படவில்லை. போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனை நீக்கியது என்ற சட்டக் காரணம் மெலிந்தது. உண்மையான குற்றம், விடுதலை பெற்றவர்களை ஜான்சன் கைவிட்டது. அதை அப்படியே குற்றப்பத்திரிகையில் எழுதியிருந்தால் தோற்றாலும் நேராக இருந்திருக்கும். 1868 பிப்ரவரி 24 அன்று சபை 126க்கு 47 என்று தீர்மானம் போட்டது. நடக்க முடியாத ஸ்டீவன்ஸை இரண்டு பேர் நாற்காலியில் வைத்து செனட்டுக்குத் தூக்கிப்போனார்கள். செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், கிடைத்தது 35க்கு 19. ஒரே ஒரு ஓட்டில் ஜான்சன் தப்பினார்.

அந்த ஆகஸ்ட் 11 இரவு ஸ்டீவன்ஸ் வாஷிங்டனில் இறந்தார். உடல் கேபிட்டல் கட்டடத்தின் மையக் கூடத்தில் வைக்கப்பட்டது. அவருக்கு முன் அந்த மரியாதை செனட்டர் ஹென்றி கிளேக்கும் லிங்கனுக்கும் மட்டும்தான் கிடைத்திருந்தது. காவல் நின்றவர்கள் கறுப்பினப் படைவீரர்கள்.

சில வருடம் முன்பு பென்சில்வேனியாவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது லங்காஸ்டருக்குப் போய் அந்தக் கல்லறையைப் பார்த்தேன். செஸ்ட்நட் தெருவும் மல்பெரி தெருவும் சந்திக்கும் மூலையில் சின்னஞ்சிறு இடுகாடு. பெரிய இடுகாடுகளில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு இடமில்லை என்று விதி இருந்ததால், அப்படி விதி இல்லாத இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். கல்லில் அவரே எழுதிவைத்த வாசகம்: தனிமையில் எனக்கு விருப்பம் இருப்பதால் இந்த ஒதுக்குப்புறத்தில் உறங்கவில்லை, மற்ற இடுகாடுகள் இனம் பார்த்து இடம் கொடுப்பதால் இதைத் தேர்ந்தேன், நீண்ட வாழ்வு முழுக்க நான் வாதாடிய கொள்கையை, படைத்தவன் முன் மனிதர் சமம் என்பதை, என் சாவிலும் காட்டுவதற்காக. சாரிட்டி பட்லரை நினைத்துக்கொண்டே அந்தக் கல்முன் நின்றேன். அந்த வாசகம் அவரை ஈடுகட்டவில்லை, ஈடுகட்டவும் முடியாது.

வகுப்புக்கு ஏதாவது ஒன்றைத்தான் எடுத்துப்போக முடியுமென்றால் அவருடைய உயிலை எடுத்துப்போங்கள். திருமணம் செய்துகொள்ளாதவர். இருபது வருடத்துக்குக் குறையாமல் அவர் வீட்டை நிர்வகித்தவர் லிடியா ஹாமில்டன் ஸ்மித் என்ற கலப்பினப் பெண்மணி. எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் அவர்களைப் பற்றி வாய்க்கு வந்ததை எழுதின. ஸ்டீவன்ஸ் அவரைக் கடைசிவரை ‘திருமதி ஸ்மித்’ என்றே மரியாதையாக அழைத்தார், உயிலில் நல்ல தொகையும் எழுதிவைத்தார். அதைக்கொண்டு அவர் அந்த வீட்டையே வாங்கினார். அம்மாவின் கல்லறை இருக்கும் பீச்சம் ஊருக்கு ஒரு தொகை: ஒவ்வொரு வசந்தத்திலும் கல்லறையின் நான்கு மூலையிலும் ரோஜாவோ மனதுக்கு மகிழ்ச்சி தரும் வேறு பூவோ நடவேண்டும்.

மீதிச் சொத்து பெருகினால் லங்காஸ்டரில் ஓர் அநாதைப் பிள்ளைகள் இல்லம் கட்டவேண்டும் என்று எழுதினார். அதுதான் பின்னால் தொழிற்கல்விக் கூடமாகி இன்றைக்கும் அவர் பெயரில் நடக்கிறது. அந்த இல்லத்தில் இனமோ நிறமோ பார்க்கக் கூடாது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்கவேண்டும் என்பதோடு அவர் நிறுத்தவில்லை. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்று அதையும் தனியாக எழுதிவைத்தார்.

அன்புடன்.